குதிரையின் அச்சம் அறிந்த ஆசான் செனபோன்

குதிரையேற்றம் பயிலும் மாணவர்களே, குதிரையின் முதுகில் ஏறுவதற்கு முன் அதன் அருகில் எப்படி நிற்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாடத்தை ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் செனபோன்.

இவர் சுமார் கி.மு. 430-ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் பிறந்தார். இளமையில் அறிஞர் சாக்ரட்டீசிடம் பழகினார். கி.மு. 401-இல் பாரசீக இளவரசர் சைரசின் படையுடன் கிழக்கே சென்றார். போரில் சைரஸ் மாண்டார். அதன்பின் கிரேக்கத் தளபதிகளும் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். அந்நிய மண்ணில் தவித்த சுமார் 10,000 வீரர்களைத் தாயகம் நோக்கி வழிநடத்தியவர்களுள் செனபோனும் ஒருவர்.

அந்தப் பயணம் அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. எதிரியிடம் குதிரைப்படை இருந்தது, கிரேக்கர்களிடம் இல்லை. செனபோனின் யோசனைப்படி, சுமை சுமந்த குதிரைகளிலிருந்து தேர்ந்தெடுத்து, சுமார் 50 பேர் கொண்ட குதிரைப்படையை அமைத்தனர். ஆர்மீனியாவில் கடும் பனி. குதிரைகள் வயிறு வரை புதைந்தன. அவற்றின் கால்களில் சிறு பைகளைக் கட்டினால் புதையாது என்று ஊர்த் தலைவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார்.

பிற்காலத்தில், தம்மைவிட இளையவர்களுக்காகக் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய குதிரையேற்ற நூல்களில் அதுவும் ஒன்று. நேரில் நடக்கக்கூடிய சூழல்களைக் காட்டியே அதில் அவர் பாடம் சொல்கிறார்.

குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறீர்களா? அதன் முகத்துக்கு நேராகவோ வாலுக்குப் பின்னாலோ நிற்காதீர்கள். தோளருகே பக்கவாட்டில் நில்லுங்கள். கடிக்கவும் உதைக்கவும் அங்கே வாய்ப்புக் குறைவு. குதிரையை நடத்திச் செல்லும்போதும் அதற்கு முன்னால் நடக்கக்கூடாது. முதுகுக்குப் பின்னால் அது செய்வது நமக்குத் தெரியாது.

ஏதோ ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரள்கிறது. அடித்து விரட்டலாமா? கூடாது என்கிறார் செனபோன். அந்தப் பொருளால்தான் வலி வந்தது என்று குதிரை எண்ணும், அச்சம் இரட்டிப்பாகும். நாமே முதலில் அதைத் தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அருகில் கொண்டுவர வேண்டும். கோபத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகக்கூடாது என்பது அவர் வலியுறுத்திய முக்கிய விதி.

குதிரையேற்றத்தின் ஆபத்து அவர் வீட்டையும் தொட்டது. கி.மு. 362-இல் மாண்டினியாவில் நடந்த போரில், குதிரைப்படையில் பணியாற்றிய அவருடைய மகன் கிரில்லஸ் உயிரிழந்தார். செனபோன் சுமார் கி.மு. 354-இல் மறைந்தார்.

அக்காலக் கிரேக்கர்களுக்குக் கால் வைக்கும் அங்கவடி இல்லை. நம்மைப் போன்ற சேணமும் இல்லை. இன்று அவையெல்லாம் வந்துவிட்டன. ஆனால் குதிரை அதே குதிரைதான். அதன் அச்சத்தைப் புரிந்துகொள்பவரே பாதுகாப்பாகச் சவாரி செய்ய முடியும்.