காஸ்பார் மோன்ஜ்

காஸ்பார் மோன்ஜ் (மே 9, 1746 - ஜூலை 28, 1818) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். முப்பரிமாணப் பொருள்களைத் தட்டையான தாளில் துல்லியமாகக் காட்டும் விவரண வடிவியல் என்னும் துறையை நிறுவியவர். பல உறுப்புகள் சேர்ந்த ஓர் அமைப்பில் எந்த உறுப்பு எத்திசையிலிருந்து கண்ணுக்குத் தெரியும், எது மறையும் என்பதை வரைபடத்தைக் கொண்டே தீர்மானிக்கும் முறையை ஒழுங்குபடுத்தியவரும் இவரே. பொறியியல் வரைபடமும் கணினிசார் வடிவமைப்பும் இவ்வடித்தளத்தின் மேல் வளர்ந்தவை.

இளமை

மோன்ஜ் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை ஜாக் மோன்ஜ் ஒரு சிறு வணிகர். சொந்த ஊரிலும் பின்னர் லியோன் நகரிலும் கல்வி கற்ற மோன்ஜ், தமது 17 ஆவது வயதிலேயே லியோனில் இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றார். 1764 இல் ஊர் திரும்பிப் போன் நகரின் விரிவான வரைபடம் ஒன்றை வரைந்தார். அதைக் கண்டு வியந்த படை அதிகாரி ஒருவர், மெசியேர் நகரிலிருந்த அரச படைப்பொறியியல் பள்ளிக்கு இவரைப் பரிந்துரைத்தார். அப்பள்ளியில் அதிகாரிகளாகப் பயில உயர்குடிப் பிறப்பு வேண்டியிருந்தது. ஆகவே மோன்ஜுக்கு வரைவாளர் பணி மட்டுமே கிடைத்தது.

கோட்டைக் கணக்கு

எதிரி எங்கு நின்றாலும் உள்ளிருப்போரைக் காணவோ சுடவோ இயலாதவாறு ஒரு கோட்டையின் சுவர்களைத் திட்டமிடும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் இதற்கு மிக நீண்ட எண்கணக்குகள் தேவைப்பட்டன. மோன்ஜ் கணக்குகளைத் தவிர்த்து, வடிவியல் வரைவின் மூலம் விரைவில் விடை கண்டார். இவ்வளவு குறுகிய நேரத்தில் கணக்கு முடிந்திருக்க இயலாது என்று கருதிய அதிகாரி அவ்விடையைப் பார்க்கவே முதலில் மறுத்தார். சோதித்தபின் அதன் மதிப்பு உணரப்பட்டது. உடனே அம்முறை படை இரகசியமாக ஆக்கப்பட்டது. மோன்ஜ் அப்பள்ளியிலேயே கணித ஆசிரியராக உயர்ந்தார். எனினும் தம் முறையை வெளியுலகுக்குக் கற்பிக்க ஏறத்தாழ 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விவரண வடிவியல்

இம்முறையில் ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியும் இரு தளங்களின் மீது செங்குத்தாக வீழ்த்தப்படுகிறது. கிடைத்தளத்தில் மேல்தோற்றமும், நிலைக்குத்துத் தளத்தில் முன்தோற்றமும் கிடைக்கின்றன. பின் ஒரு தளத்தை மற்றதோடு சமமாக மடித்தால் இரு தோற்றங்களும் ஒரே தாளில் அமைகின்றன. ஒரு தோற்றத்தில் இழக்கப்படும் அளவு மற்றதில் கிடைத்துவிடும்.

மறைவைக் கண்டறியும் வழியும் இதிலேயே அடங்கியுள்ளது. மேல்தோற்றத்தில் இரு கோடுகள் வெட்டிக்கொள்வதாகத் தோன்றினால், அவ்விடத்தில் அவற்றின் உயரங்களை முன்தோற்றத்தில் ஒப்பிட வேண்டும். உயரமானது கண்ணுக்குத் தெரியும், தாழ்ந்தது மறையும். பொறியியல் வரைபடங்களில் மறைந்த விளிம்புகளை விட்டுவிட்ட கோடுகளால் காட்டுவது வழக்கம்.

புரட்சிக் காலம்

மோன்ஜ் 1780 இல் அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த இவர் 1792 முதல் 1793 வரை கடற்படை அமைச்சராகப் பணியாற்றினார். 1794 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் எக்கோல் பாலிடெக்னிக் எனப் பெயர் பெற்ற பொறியியல் கல்லூரியை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர். 1795 இல் எக்கோல் நார்மால் என்னும் ஆசிரியர் கல்லூரியில் விவரண வடிவியலை வெளிப்படையாகக் கற்பித்தார். அவ்விரிவுரைகள் 1799 இல் நூலாயின. ஒரு படைப்பள்ளியின் சுவர்களுக்குள் இருந்த அறிவு அதன்பின் தச்சர், கல்தச்சர், இயந்திரப் பொறியாளர் அனைவருக்கும் பொதுவாயிற்று.

இறுதிக் காலம்

1798 இல் நெப்போலியனுடன் எகிப்து சென்ற மோன்ஜ், அங்கு நிறுவப்பட்ட எகிப்தியக் கழகத்தின் தலைவரானார். நெப்போலியனின் நெருங்கிய நண்பராக இருந்ததே பின்னர் இவருக்குத் தீங்காயிற்று. மன்னராட்சி திரும்பியபின் 1816 இல் அறிவியல் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அவ்விடத்தில் கோஷி என்னும் கணிதவியலாளர் அமர்த்தப்பட்டார். 1818 இல் மோன்ஜ் பாரிசில் காலமானபோது, எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள அரசு தடை விதித்தது. மாணவர்கள் மறுநாள் கல்லறைக்குச் சென்று மலர்வளையம் வைத்தனர். 1989 இல் இவரது உடல் எச்சங்கள் பாரிசிலுள்ள பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டன.

தாக்கம்

கணினிசார் வடிவமைப்பு மென்பொருள்கள் பொருளின் முழு வடிவத்தையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தேவையான தோற்றங்களைத் தாமே வரைகின்றன. எந்தப் பரப்பு பார்வையாளருக்கு அருகில் உள்ளது என்று ஒப்பிட்டே அவையும் மறைவைத் தீர்மானிக்கின்றன. நூற்றுக்கணக்கான உறுப்புகள் சேர்ந்த ஓர் ஒன்றுசேர்ப்பில் வடிவமைப்பாளர் மேலுறையை மறைத்து உள்ளிருக்கும் பற்சக்கரங்களைக் காணலாம். அவ்வாறு மறைக்கப்பட்ட உறுப்பு பொதுவாக அமைப்பிலிருந்து நீங்குவதில்லை. திரையில் தோன்றாவிடினும் எடைக் கணக்கில் இடம்பெறும். காட்சியில் இல்லாததும் அமைப்பில் உண்டு என்னும் இவ்வேறுபாடு, மோன்ஜ் வகுத்த இரு தோற்ற முறையிலேயே அடங்கியிருந்தது.

மண்ணைக் குறைந்த உழைப்பில் இடம் மாற்றுவது பற்றி மோன்ஜ் 1781 இல் வெளியிட்ட ஆய்வு, உகந்த போக்குவரத்துக் கோட்பாடு என்னும் கணிதப் பிரிவின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர்களின் பெயர்களுள் மோன்ஜின் பெயரும் ஒன்றாகும்.