மண்ணுக்கடியில் பைப்லைன் துருப்பிடிக்காம இருக்க யார் காரணம்? கப்பலில் ‘ஃப்ளாப்’ ஆன ஹம்ப்ரி டேவியின் கதை

பூமிக்கு அடியில் கேஸும் பெட்ரோலும் கொண்டுபோகும் எஃகுக் குழாய்கள் பல வருஷம் தாக்குப்பிடிக்குதுன்னா, அதுக்குப் பின்னால் ஒரு வேதியியலாளர் இருக்கார். ஆனா அவர் குழாய்க்காக எதையும் கண்டுபிடிக்கலை. கப்பலுக்காகக் கண்டுபிடிச்சார். அதுவும் அவர் காலத்தில் தோல்வியாகவே முடிஞ்சுது.

யார் இந்த டேவி?

1778-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் ஊரில், மரச்சிற்பி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தவர் ஹம்ப்ரி டேவி. பதின்ம வயதிலேயே அப்பாவை இழந்தார். ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர், வேதியியலைத் தானாகவே படிச்சார். 1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு வந்தார். 1807-ல் மின்சாரத்தைப் பாய்ச்சி பொட்டாசியம், சோடியம் ரெண்டையும் பிரிச்செடுத்தார். 1815-ல் சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை உருவாக்கி, அதுக்குக் காப்புரிமையே வேண்டாம்னு விட்டுட்டார். 1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவரானார்.

கப்பலில் என்ன பிரச்சினை?

மரக்கப்பல்களின் அடிப்பாகத்தைப் புழுக்கள் துளைக்காம இருக்க, பிரிட்டிஷ் கடற்படை செம்புத் தகடு அடிச்சுது. ஆனா கடல்நீர் அந்தச் செம்பையே அரிச்சுது. தீர்வு கேட்டு கடற்படை டேவியிடம் வந்தது.

அரிப்புங்கிறது மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயம்னு டேவி கணிச்சார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ ஒட்டி வெச்சா, கடல்நீர் முதலில் அதைத்தான் தின்னும், செம்பு தப்பிச்சுக்கும். 1824-ல் இதை ராயல் சொசைட்டியில் விளக்கினார். அதே வருஷம் சமராங் என்ற போர்க்கப்பலில் சோதனையும் நடந்தது. செம்பு அரிக்கவே இல்லை!

அப்புறம் ஏன் தோல்வி?

இங்கதான் ட்விஸ்ட். செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும்போது வெளிவரும் நச்சுதான், பாசியும் சிப்பி மாதிரியான உயிர்களும் கப்பலில் ஒட்டாம தடுத்துட்டு இருந்தது. கரைவது நின்னதும் அவை அடிப்பாகம் முழுக்க மொய்ச்சுடுச்சு. கப்பல்களின் வேகம் குறைஞ்சுது. கடற்படை இந்த முறையைக் கைவிட்டது. டேவி பொதுவெளியில் கேலிக்கு ஆளானார். உடல்நிலை மோசமாகி, 1827-ல் தலைவர் பதவியை விட்டார். 1829-ல் ஜெனீவாவில், 50 வயதில் இறந்தார்.

சரி, பைப்லைனுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

மண்ணில் ஈரமும் உப்பும் இருக்கு. புதைக்கிற குழாய்க்கு மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுக்கறாங்க. ஆனா இறக்கும்போது ஒரு கல் உரசினாலே கீறல் விழும். அப்புறம் துரு அந்தச் சின்ன இடத்திலேயே குவிஞ்சு குழாயைத் துளைச்சுடலாம். மண்ணுக்குள் நடக்கிறதால வெளியில் யாருக்கும் தெரியாது.

1928-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர், டேவியின் யோசனையைக் கேஸ் குழாய்க்குக் கொண்டுவந்தார். அவர் துத்தநாகத்தை நம்பாம, வெளியிலிருந்து நேர்மின்னோட்டத்தைக் குழாய்க்குக் கொடுத்தார். மண்ணுக்குள் பாசித் தொல்லை கிடையாதே! கப்பலில் சறுக்கிய யோசனை இங்கே ஜெயிச்சுது. கத்தோடிக் பாதுகாப்புன்னு இதைச் சொல்றாங்க.

அப்போ பூச்சு தேவையில்லையா?

கண்டிப்பா தேவை. பெரும்பகுதியைப் பூச்சு காக்கும். கீறல் விழுந்த இடத்தை மின்னோட்டம் காக்கும். பூச்சு மோசமானா மின்சாரச் செலவும் ஏறும். அதைவிட ஆபத்து, பூச்சு கிழியாமலே குழாயிலிருந்து விலகி நிக்கிறது. உள்ளே ஈரம் புகுந்துடும். ஆனா பூச்சே மறைப்பாக நிக்கிறதால மின்னோட்டம் போய்ச் சேராது. மேலே அளக்கும் மீட்டர் எல்லாம் சரின்னு காட்டும். கீழே துரு வளரும். அதனாலதான் குழாய்க்குள்ளேயே கருவியை அனுப்பிச் சோதிக்கறாங்க.

டேவியின் கணக்கில் தப்பே இல்லை. செம்பைக் காப்பாத்தணும்னு கேட்டாங்க, காப்பாத்திக் கொடுத்தார். அந்தக் கணக்கு சரியான இடத்துக்கு வந்து சேர, அவர் இறந்து 99 வருஷம் ஆச்சு.