வ.உ.சி.யும் ஆலைத் தொழிலாளரும்

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரை, 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய புரவலராகவே நாம் பெரிதும் அறிவோம். அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் பூமியின் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிச் சென்ற அந்நாளில், அவ்வூர் வழக்கறிஞர் ஒருவருக்குத் தேவர் உற்ற துணையாக நின்றார் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவ்வழக்கறிஞரே 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை ஆவார்.

1906ஆம் ஆண்டில் பத்து இலட்ச ரூபாய் மூலதனத் திட்டத்துடன் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றியது. பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். தேவர் தலைமை ஏற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். இக்கப்பல் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் சிறிது நின்று நோக்க விரும்புவது அதன் அருகிலேயே நடந்த மற்றொரு போராட்டத்தை.

தூத்துக்குடியில் ஐரோப்பியர் நடத்திய கோரல் நூற்பாலையில் வேலைநேரம் நீண்டது, கூலியோ குறைவு, வார விடுமுறையும் இல்லை. 1907, 1908ஆம் ஆண்டுகளில் தானிய விலையோ நாடெங்கும் ஏறியிருந்தது. அந்நிலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளரிடையே பேசினர். 1908 பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அன்றாடக் கூலியால் அடுப்பெரிப்பவர் எத்தனை நாள் பொறுப்பர்? இதனை நன்குணர்ந்த வ.உ.சி., பொதுமக்களிடம் பொருள் திரட்டி அவர்தம் குடும்பங்களைத் தாங்கினார். பேச்சால் மட்டும் பசி தீராது என்பதை அறிந்த தலைவர்கள் அன்றும் அரியரே! ஒன்பது நாளில் நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று. பிற ஐரோப்பியக் கம்பெனித் தொழிலாளரும் அதனால் பயன் பெற்றனர்.

மார்ச் 12இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். சில நாள்களுக்கு முன்னரே கூலியுயர்வு பெற்ற அதே தொழிலாளர், இம்முறை தமக்காக அன்றி அவருக்காக வேலையைத் துறந்து வெளியேறினர். பெற்ற கூலியையும் இழக்கத் துணிந்த இச்செயலை நாம் வேலைநிறுத்த வெற்றியினும் பெரிதாக மதிக்கிறோம்.

ஜூலையில் நாற்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார். 1911இல் கப்பல் கம்பெனி கலைந்தது. அவ்வாண்டே தேவரும் மறைந்தார். 1912 டிசம்பரில் விடுதலை பெற்றவருக்கு வழக்கறிஞர் உரிமம் இல்லை. கையில் பொருளும் இல்லை. சென்னையில் சிறு கடை நடத்தியும் வாழ்க்கை நிமிரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்பொருட்டுத் திரட்டிய 347 ரூபாய் 12 அணாவைக் காந்தியடிகளிடமிருந்து பெறப் பல கடிதங்கள் எழுத நேர்ந்தது. அவ்வறுமையிலும் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தார்; தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கவும் உழைத்தார்.

பின்னர் உரிமம் மீளக் கிடைத்து, கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடினார். 1936 நவம்பர் 18இல் அவர் மறைந்தபோது குடும்பத்துக்கு எஞ்சியது பெரும்பாலும் கடனே.