கோட்டை காத்தவர்

ஜயித்தவனை உலகம் கொண்டாடுவது இயற்கை. ஒரு ஜயத்துக்கும் மறு ஜயத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் வறண்ட காலத்தில் கொடி சாயாமல் பிடித்து நின்றவனை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. கல்கத்தா மோஹன் பகான் கால்பந்துச் சங்கத்தின் சரித்திரத்தில் அத்தகைய வறண்ட காலம் ஒன்று உண்டு. அக்காலத்தின் நாயகர் ஸ்ரீ கோஷ்ட பால். அவர் மறைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அவருடைய ஜீவிய சரித்திரத்தை ஒரு முறையேனும் சிந்தித்தல் நலம் எனக் கருதுகிறோம்.

முதலில் சங்கத்தைப்பற்றிச் சில வார்த்தைகள். 1889-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி வடகல்கத்தாவில் மோஹன் பகான் என்ற மாளிகையில் அது தோன்றியது. அதன் முதல் தலைவர் ஸ்ரீ பூபேந்திரநாத் வஸு. சட்டத் தொழிலில் பெயர்பெற்ற இவரே பின்னர், 1914-ல், நமது சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தவர். 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, இந்தியக் கால்பந்து ஸ்தாபனத்தின் ஷீல்டுப் பந்தயத்தில், மோஹன் பகான் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. அந்த ஷீல்டை இந்தியர் வென்றது அதுவே முதல் தடவை. பதினொருவரில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார், ஏனையோர் வெறுங்காலர். வங்கப் பிரிவினையால் புண்பட்டிருந்த ஜனங்கள் அடைந்த களிப்பை வருணிக்கவும் வேண்டுமோ? ஆனால் அதே ஷீல்டு மீண்டும் அச்சங்கத்தின் கைக்கு வந்தது 1947-ல்தான். இடையே கழிந்தவை 36 ஆண்டுகள்.

கோஷ்ட பால் 1896-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, கிழக்கு வங்காளத்தில் பரீத்பூர் ஜில்லா போஜேச்வர் கிராமத்தில் பிறந்தார். அக்கிராமம் இப்பொழுது வங்காள தேசத்தில் இருக்கிறது. சிறு பிராயத்திலேயே கல்கத்தாவுக்கு வந்து, துர்க்கையின் களிமண் பிரதிமைகளுக்குப் பேர்போன குமார்துலிப் பேட்டையில் வளர்ந்து, அங்கேயே பந்தாடப் பழகினார். 1911-ன் புகழ் ஆறுமுன்னரே, பதினாறு பதினேழு வயது வாலிபராக மோஹன் பகானில் சேர்ந்தார். ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் அச்சங்கத்துக்கே ஆடினார். 1921 முதல் 1926 வரை அதன் காப்டனாக விளங்கினார்.

அவர் ஆடிய இடம் பின்காப்பு. அக்காலத்து முறைப்படி கோல் காப்பவனுக்கு முன் இருவர் மட்டுமே பின்காப்பாக நிற்பர். எதிர்க்கட்சியின் தாக்குவோர் ஐவர். தாக்குபவனுக்குப் பந்து அடிக்கப்படுங்கால், அவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிராளிகள் மூவர் இருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. 1925-ல் அம்மூவர் இருவராகக் குறைக்கப்பட்டனர். முன்பெல்லாம் பின்காப்பாளருள் ஒருவர் முன்னேறிச் சென்றே எதிரியை விதிக்குள் சிக்கவைக்கலாம். புதிய விதியால் அந்த வசதி சுருங்கிற்று. உலகமெங்கும் கோல்கள் மிகுந்தன. கோஷ்ட பாலுக்கு அப்பொழுது வயது இருபத்தொன்பது. கால் வேகத்துக்கு மேலாக இடமறிந்து நிற்கும் ஞானமே இனிப் பயன்படும் என்ற நிலையிலும் அவர் மேலும் பத்து ஆண்டுகள் ஆடினார். சீனத்துப் பெருஞ்சுவர் என்று அவருக்கு வழங்கிய பெயர் வெறும் முகஸ்துதி அன்று.

அவர் எதிர்த்து நின்ற தடைகள் இரண்டு வகை. ஒன்று வானம். கல்கத்தாவின் கால்பந்துக் காலம் மழைக்காலத்தில் வருவது. சேறு நிறைந்த மைதானத்தில் பூட்ஸ் அணிந்தவன் ஊன்றி நிற்பான், வெறுங்காலன் வழுக்குவான். மற்றொன்று மனிதர் வகுத்த ஏற்பாடு. மோஹன் பகான் லீகின் இரண்டாம் வகுப்பில் சேர்க்கப்பட்டது 1914-ல். முதல் வகுப்புக்கு ஏறியது 1915-ல். அக்காலத்தில் முதல் வகுப்பில் இந்தியக் கட்சிகள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்பது ஏற்பாடு. தலைநகரம் டெல்லிக்குச் சென்றாலும் கல்கத்தா மைதானத்தில் ஆதிக்கம் வெள்ளையர் சங்கங்களிடமும் பட்டாளங்களிடமுமே இருந்தது.

இந்நிலையில் நேர்ந்ததென்ன? 1923-ல் ஷீல்டின் இறுதிப் பந்தயத்துக்கு மோஹன் பகான் வந்தது. நனைந்து கிடந்த மைதானத்தில் கல்கத்தா கால்பந்துச் சங்கத்திடம் மூன்று கோல்களில் தோற்றது. அதே ஆண்டு பம்பாய் ரோவர்ஸ் கோப்பையிலும் இறுதிவரை சென்று டர்ஹாம் பட்டாளத்திடம் தோற்றது. 1925-ல் சிம்லாவில் நடந்த டூராண்ட் பந்தயத்தில் அரையிறுதி வரை எட்டியது. லீகில் ஒரு முறைக்கு மேல் இரண்டாம் இடம் பெற்றது, முதலிடம் வரவில்லை. 1934-ல் லீகை வென்ற முதல் இந்தியச் சங்கம் என்ற பெருமை மகமதிய ஸ்போர்ட்டிங் சங்கத்துக்குச் சென்றது. மோஹன் பகான் அதை முதன்முதல் வென்றது 1939-ல். அப்பொழுது கோஷ்ட பால் ஆட்டத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆகவே, ஷீல்டும் இல்லை, லீகும் இல்லை. கணக்குப் புத்தகத்தை மட்டும் புரட்டுவோர், இவர் சாதித்தது யாது என்று வினவக்கூடும். நமது விடை இது. 1911-ன் வெற்றி தற்செயலாய் வாய்த்த ஒரு நாள் அதிருஷ்டம் என்று சொல்லக் காத்திருந்தோர் பலர். அச்சொல் நிலைபெறாமற் செய்தவர் கோஷ்ட பாலும் அவருடைய தோழர்களும். ஆண்டுதோறும், வாரந்தோறும், பட்டாளத்தார் கோல் முகப்பை நோக்கி வந்தபொழுதெல்லாம் அவர்கள் அங்கே நின்றார்கள். சில நாள் தோற்றார்கள், பல நாள் வென்றார்கள். எந்நாளும் அஞ்சி ஒதுங்கவில்லை. ஆபீஸ் விட்டு மைதானத்துக்கு ஓடிவந்த ஏழைக் குமாஸ்தா, பகலெல்லாம் துரையின் அதட்டலைக் கேட்டவன், மாலையில் அத்துரையின் இனத்தார் ஒரு வங்காளியைக் கடந்து செல்ல மாட்டாமல் திரும்புவதைக் கண்டான். அக்காட்சி அவன் முதுகை நிமிர்த்தியது. இதற்குக் கோப்பை எதுவும் கிடையாது.

1933-ல் இலங்கைக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். 1935-ல் ஆட்டத்திலிருந்து விலகினார். அவ்வாண்டு கல்கத்தா சங்கத்துடன் நடந்த ஆட்டத்தில் நடுவரின் தீர்ப்புகள் பாரபட்சமானவை என்று கண்டு, அவர் வாதாடாமலும் கை ஓங்காமலும் மைதானத்திலேயே படுத்துத் தமது எதிர்ப்பைத் தெரிவித்தார் என்று வழங்குகிறது. அகிம்சைப் போரைக் கண்டு பழகிய தேசத்தில் அதன் பொருளை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1962-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. கால்பந்து ஆட்டக்காரருள் அதைப் பெற்ற முதல்வர் அவரே. 1976 ஏப்ரலில் காலமானார். 1998-ல் அவர் நினைவாகத் தபால்தலை வெளியாயிற்று. கல்கத்தா மைதானத்தருகே அவர் பெயரால் ஒரு வீதியும் அவருடைய சிலையும் இருக்கின்றன.

மோஹன் பகான் இன்று சம்பளம் பெறும் ஆட்டக்காரரைக் கொண்ட பெருஞ் சங்கம். 2020-ல் வேறொரு சங்கத்துடன் அதன் கால்பந்துப் பகுதி இணைந்தது. 2024-25-ம் ஆண்டுப் போட்டியில் இந்தியன் சூப்பர் லீகின் ஷீல்டையும் கோப்பையையும் ஒருங்கே வென்றது. மகிழ்ச்சியே. எனினும் அவ்வெற்றிகளின் அஸ்திவாரத்தில், கோப்பை ஏந்தாத ஒரு தலைமுறையின் வெறுங்கால் சுவடுகள் பதிந்திருக்கின்றன என்பதை அதன் அபிமானிகள் மறவாதிருப்பார்களாக.

ஒவ்வோர் இயக்கத்துக்கும் ஒரு 1911 உண்டு. ஒரு 1947-ம் உண்டு. இரண்டுக்கும் இடையே பிறந்தவர்க்குக் கைதட்டல் குறைவு, கடமையோ அதிகம். பலன் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று சோர்வடையும் ஊழியர் எவரேனும் இருப்பின், சேற்று மைதானத்தில் வெறுங்காலுடன் நின்ற அந்த வங்காளியை நினைப்பாராக.