நீதிக்கு அரண் அமைத்த அண்ணல்

நீதி கேட்டு வழக்காடு மன்றத்தின் படியேறும் ஏழைக்குப் பணமில்லை; பரிந்துரைக்க ஆளுமில்லை. நீதிபதி எவருக்கும் அஞ்சாதவர் என்னும் நம்பிக்கை ஒன்றே அவனுக்குத் துணை. அந்நம்பிக்கைக்குச் சட்டத்தில் அரண் அமைத்தோருள் தலையாயவர் அண்ணல் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மௌ நகரில் பிறந்த அண்ணல், லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தீண்டாமை அங்கும் அவரைத் தொடர்ந்தது. பெரிய வழக்குகள் அவரை நாடி வரவில்லை. ஏழைகளின் வழக்குகளே வந்தன. ஆயினும், 1926இல் பூனாவில் பிராமணரல்லாதார் இயக்கத்தினர் மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கில் வாதாடி வென்று புகழ்பெற்றார். 1935இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வருமானார்.

நீதிமன்றத்தின் வலிமையையும் தாமதத்தையும் அவர் ஒருங்கே கண்டது மகாத் வழக்கில்தான். 1927 மார்ச்சில் மக்களைத் திரட்டிச் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் குளத்திற்குச் செல்ல ஆயிரக்கணக்கானோர் கூடினர். அதற்குள் சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றுவிட்டனர். சிறை செல்லவும் கூட்டம் துணிந்திருந்தது. எனினும், தடையை மீற வேண்டாமென அண்ணல் மக்களை இணங்கச் செய்தார். அவர்கள் நீரைத் தொடாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து திரும்பினர். வழக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்னும் வாதம் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கண்டு, 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு மிடறு நீருக்குப் பத்தாண்டு! நீதிமன்றம் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதன் கதவும் எளிதில் திறக்க வேண்டும் என்பதே அவ்வழக்கு நமக்குத் தரும் பாடம்.

1947இல் அவர் சட்ட அமைச்சரும் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவருமானார். அந்நாளில் காவல்துறையை மேற்பார்த்த அதிகாரியே குற்றவியல் வழக்கையும் விசாரிக்கும் முறை நாட்டில் நிலவியது. குற்றம் சாட்டுபவனும் தீர்ப்பளிப்பவனும் ஒருவனேயாயின் எளியவன் எங்கே செல்வான்? நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரித்தல் வேண்டும் என்னும் விதியை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் முன்மொழிந்தார். அதுவே 50ஆம் விதியாயிற்று. 1974இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்பிரிவினையைப் பெரிதும் நிறைவேற்றியது.

நீதிபதிகளை நியமிப்பவர் யார் என்னும் வினா 1949 மே மாதம் எழுந்தது. ஆட்சியாளர் விருப்பத்திற்கே விடுவது ஆபத்து. சட்டமன்றத்தின் ஒப்புதலை நாடினால் கட்சி அரசியல் புகும். தலைமை நீதிபதிக்கே முடிவான அதிகாரம் தருவதும் தகாது, அவரும் குறைபாடுகள் உள்ள மனிதரே என அண்ணல் விளக்கினார். எனவே, நீதிபதிகளைக் கலந்தாலோசித்துக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் நடுவழி ஏற்கப்பட்டது. பின்னர் 1993இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நியமனத்தில் நீதிபதிகளின் கருத்துக்கே முதன்மை தந்தது. அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

நியமனத்தோடு அரண் முடியவில்லை. மெய்ப்பிக்கப்பட்ட தீயொழுக்கமோ இயலாமையோ இருந்தால் மட்டுமே, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையால் கேட்டுக்கொண்டபின், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளை நீக்க முடியும். கீழ் நீதிமன்றங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு உயர் நீதிமன்றத்திடம் உள்ளது. அடிப்படை உரிமை பறிபோனால் குடிமகன் நேரே உச்ச நீதிமன்றத்தை நாட வழிசெய்யும் 32ஆம் விதியையே அரசியலமைப்பின் உயிராக அண்ணல் போற்றினார்.

1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராசன், தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான முதல்வராக 1980இல் அமர்ந்தார். 2007இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமை நீதிபதியுமானார். எனினும் அத்தகையோர் இன்னும் மிகச் சிலரே.

இளைஞர்களே! அண்ணல் எழுப்பிய அரணைக் காப்பது வெளியே நின்று வணங்குவதால் ஆகாது. சட்டம் பயிலுங்கள், வழக்குரைஞராகுங்கள், நீதிபதியின் இருக்கையிலும் அமருங்கள். அங்கு அமர்ந்த நாளில், படியேறி வரும் ஏழையின் முகத்தை மறவாதீர்கள்.