நிக்கோலாய் கோகல்

நிக்கோலாய் வசீலியெவிச் கோகல் (ஏப்ரல் 1, 1809 – மார்ச் 4, 1852) உக்ரைனில் பிறந்து ரஷ்ய மொழியில் எழுதிய எழுத்தாளர், நாடகாசிரியர். அரசாங்க ஆய்வாளர் என்னும் நாடகம், மேலங்கி என்னும் சிறுகதை, இறந்த ஆன்மாக்கள் என்னும் புதினம் ஆகியன இவரது புகழ்பெற்ற படைப்புகள். நகைச்சுவைப் பகுதிகளைப் பிறர் முன் படித்துக் காட்டுவதிலும் இவர் பெயர் பெற்றிருந்தார்.

பள்ளி மேடை

பொல்தாவா மாநிலத்தைச் சேர்ந்த சொரோச்சின்சி என்னும் ஊரில் கோகல் பிறந்தார். இவரது தந்தை உக்ரைனிய மொழியில் நகைச்சுவை நாடகங்கள் எழுதியவர். 1821 முதல் 1828 வரை நீழின் நகரிலுள்ள உயர்பள்ளியில் கோகல் தங்கிப் பயின்றார். எவருடனும் எளிதில் ஒட்டாத இவரை மாணவர்கள் மர்மக் குள்ளன் என்று அழைத்தனர். எனினும், அம்மாணவர்கள் முன்னிலையில் பள்ளி நாடகங்களில் நகைச்சுவை வேடங்கள் ஏற்றுப் பாராட்டுப் பெற்றார். ஃபொன்வீசின் எழுதிய நெதொரஸ்ல் நாடகத்தில், மகனுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கும் புரொஸ்தகோவா சீமாட்டியாக இவர் நடித்தது குறிப்பிடத்தக்கது.

தோல்வியும் புகழும்

1828 இறுதியில் சென் பீட்டர்ஸ்பேர்க் சென்ற கோகல், அரச நாடக அரங்கில் நடிகராகச் சேர முயன்றார். தேர்வில் துன்பியல் நாடகப் பகுதிகளைப் படிக்கச் செய்தனர். அக்கால மேடைக்குரிய முழக்கமின்றி இயல்பாகப் படித்ததால் இவர் தகுதியற்றவராகக் கருதப்பட்டார். 1829 இல் புனைபெயரில் வெளியிட்ட முதல் கவிதை நூலும் கண்டனத்துக்கு உள்ளாகவே, அதன் படிகளைத் திரும்ப வாங்கி எரித்தார்.

திக்கான்கா சிற்றூரை ஒட்டிய கதைத் தொகுதிகள் (1831–1832) இவருக்குப் புகழ் தேடித் தந்தன. 1836 சனவரியில் கவிஞர் சுக்கோவ்ஸ்கியின் இல்லத்தில் அரசாங்க ஆய்வாளர் நாடகத்தைப் படித்தபோது, அங்கிருந்த புஷ்கின் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவ்வாண்டு மே 1 அன்று அது மேடையேறியபோது, முதன்மை நடிகர் கதைமாந்தரை வெறும் கோமாளியாக்கிவிட்டதாகக் கோகல் மனம் வருந்தினார். சில வாரங்களில் நாட்டை விட்டு வெளியேறினார். சிரிக்க வைக்க முயலாத நடிகரே மிகுதியாகச் சிரிக்க வைப்பார் என்பது இவரது கருத்து.

இறுதிக் காலம்

1851 நவம்பரில் மாஸ்கோவில் நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அந்நாடகத்தைத் தாமே படித்துக் காட்டினார். மிக எளிமையாக, முகத்தில் சிரிப்பின்றி இவர் படித்த முறையை அங்கிருந்த துர்கேனிவ் வியந்து பதிவு செய்துள்ளார். இளமையில் நடிகர் வேலைக்குத் தடையாக இருந்த அதே இயல்பான வாசிப்பு இங்குப் போற்றப்பட்டது. 1852 பெப்ரவரியில், இறந்த ஆன்மாக்கள் இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப்படியை எரித்த கோகல், உணவை மறுத்து, சில நாட்களில் தமது 42ஆவது அகவையில் காலமானார்.