வானில் வட்டமிட்ட வீரர்

கல்வராயன் மலைமேல் பருந்து வட்டமிடுதலைக் கள்ளக்குறிச்சிச் சிறுவர் கண்டிருப்பர். அது கிடைவட்டம். விமானத்தால் நெட்டுவட்டம் முதன்முதல் இயற்றியவர் ருஷியப் படைவீரர் பியோத்தர் நெஸ்தெரோவ் ஆவார்.

இவர் 1887இல் பிறந்தார். காற்று எப்பக்கத்தும் விமானத்தைத் தாங்கும் என்பது இவர்தம் துணிபு. உடனிருந்தோர் பலர் நம்பிலர். 1913 செப்டம்பர் 9ஆம் நாள் கீவ் நகரில், விமானத்தைக் கீழ்நோக்கிப் பாய்ச்சி, விரைவு பெருக்கி, மேல்நோக்கி நிமிர்த்தித் தலைகீழாய்ச் சுழன்று வட்டத்தை முடித்தார். ஏறுங்கால் விரைவு குன்றும், இறங்குங்கால் மிகும், ஆதலின் வட்டம் கோணாதிருத்தல் அரிது. ரேடியோவால் சிறு விமானம் இயக்கும் இக்கால இளைஞரும் இவ்விடரையே எதிர்கொள்கின்றனர்.

பரிசு யாது? அரசின் பொருளை இடர்ப்படுத்தினார் என்று பத்து நாட்காவல் விதித்தனர்! பன்னிரு நாளில் பிரெஞ்சுக்காரர் பெகூ அவ்வாறே சுழன்று புகழ்பெற்ற பின்னரே இவருக்குப் பதவியுயர்வு கிட்டியது. 1914 செப்டம்பரில், பகைவர் விமானத்தின்மீது தம் விமானத்தை மோதி உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 27.